டைப்பிஸ்ட் அம்மாவின் முதல் அத்தியாயம்

டைப்பிஸ்ட் அம்மா நாவல் எழுதப்போகிறார் என்ற செய்தியை எங்கள் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தது அவருடைய கணவர்தான். குடிநீர் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் மனைவியை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார். விட்டதும் திரும்பிப் போகமாட்டார். வாசல் டீக்கடையில் அரை மணி நேரம் நின்று, அவர்கள் தெருச் செய்தி, சொந்தக்காரர் வீட்டுச் செய்தி எல்லாவற்றையும் ஒலிபரப்பிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார். அதனால் அவருக்கு ரேடியோ என்று பேர் வைத்திருந்தோம். அன்றைக்குத் தலைப்புச் செய்தி இதுதான்.

"ஒரு மாச லீவுல சும்மா இருக்கப் போறதில்லையாம். நாவல் எழுதுறாங்களாம். லாங் சைஸ் நோட்டு நாலு வாங்கியாச்சு. பேனாவும் வாங்கியாச்சு. எழுதுறது ஒண்ணுதான் பாக்கி."

மதியத்துக்குள் கட்டிடம் முழுக்கப் பரவிவிட்டது. போகிற வருகிற வக்கீல்கள் எல்லாம் அவருடைய மேஜை அருகே ஒரு நிமிடம் நின்றார்கள். ஒருவர், தன்னை வில்லனாகப் போட்டுவிடக் கூடாது என்றார். இன்னொருவர், "என்னை ஹீரோவா போட்டுக்கங்கம்மா, தொந்தியை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கங்க" என்றார். அவர் பாட்டுக்கு டைப் அடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகு என் பக்கம் திரும்பி, "இந்த மனுஷன் வாயை வெச்சுக்கிட்டு வீட்ல ஒரு கனவு கூடக் காண முடியாது சார்" என்றார்.

நான் அந்தக் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க். வழக்குகளை வரிசையாகக் கூப்பிடுவதும் கட்டுகளை நீதிபதியின் மேஜைக்கு எடுத்துவைப்பதும் என் வேலை. எனக்கு இடது கைப் பக்கம் மூன்றடி தள்ளி அவர் உட்கார்ந்திருப்பார். கூண்டில் நிற்கும் சாட்சி சொல்வதை நீதிபதி வாக்கியமாக்கிச் சொல்ல, அதை அப்படியே அடித்துக்கொண்டு போவார். முப்பத்து நாலு வருடமாக அதே வேலை. முதலில் தட்டச்சு இயந்திரத்தில், பிறகு கம்ப்யூட்டரில். "நான் அப்போது வீட்டில் இல்லை" என்பதை மட்டும் பல ஆயிரம் தடவை அடித்திருப்பேன் என்று ஒருமுறை சொன்னார். ஒரு சாட்சி பொய்க்குள் இறங்கப்போகிறான் என்பது நீதிபதிக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். எப்படி என்று கேட்டேன்.

"வாக்கியம் சுத்தமா வரும் சார். திருத்தவே வேண்டியிருக்காது. உண்மை சொல்றவன் பாதியில நிப்பான், பின்னால போவான், சம்பந்தமில்லாம எதையோ சொல்வான். அடிக்கிறவளுக்கு அவனாலதான் கஷ்டம்."

நாவல் ஆசை அவருக்கு இருபது வயதில் வந்தது. பிறகு வேலை வந்தது, கல்யாணம் வந்தது, இரண்டு பிள்ளைகள் வந்தார்கள், மாமியார் ஆறு வருடம் படுக்கையில் இருந்தார். ஆசை எங்கும் போகவில்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் வேலைக்குப் போய், வீட்டில் ஓர் அறை காலியானபோது அவருக்கு ஐம்பத்தாறு வயது.

விடுமுறை முடிந்து கோர்ட்டு திறந்த அன்று, மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே கேட்டேன்.

"என்ன மேடம், நாவல் எந்த மட்டுல இருக்கு?"

"முதல் வரி மட்டுல இருக்கு."

முப்பது நாளும் காலை ஆறு மணிக்கு ஜன்னலோரம் போட்ட மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். எட்டு மணிக்கு எழுந்திருக்கும்போது நோட்டில் நாலு வரி இருக்கும், நாலும் கோடு போட்டு அடித்திருக்கும். நிமிடத்துக்கு எழுபது வார்த்தை அடிக்கிற கை. அடுத்தவர் வார்த்தை என்றால் நிற்காமல் ஓடுகிறது, சொந்த வார்த்தை என்றால் அப்படியே விறைத்துப்போகிறது என்றார். விடியற்காலையில் தொடங்கிப் பார்த்தாராம். ரயில் நிலையத்தில் தொடங்கிப் பார்த்தாராம். மழையில் தொடங்கிப் பார்த்தாராம்.

"மழையில ஆரம்பிச்சா கதாநாயகிக்கு ஜலதோஷம் பிடிக்குது சார். கதை நகரல."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டப்பாவை மூடிவைத்துவிட்டு, "எழுத இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அதைச் சுத்திச் சுத்தி வேற எதையோ எழுதப் பாக்குறேன். அதான் வரமாட்டேங்குது" என்றார்.

அந்த ஒன்று அவருடைய அக்கா. அக்காவை எனக்கும் தெரியும். கோர்ட்டுக்குப் பின் தெருவில், ஜெராக்ஸ் கடைக்கு அடுத்தாற்போல, துணிகளை அளவு குறைத்துப் பெரிதாக்கிக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். வக்கீல்களின் கறுப்புக் கோட்டு எல்லாம் அவரிடம்தான் போகும். அறுபத்திரண்டு வயது. இடது காது சுத்தமாகக் கேட்காது. அவரிடம் பேசுகிறவர்கள் தானாகவே வலது பக்கம் போய் நின்றுகொள்வார்கள். தங்கைக்கு வேண்டிய துணி எல்லாம் அவர்தான் தைப்பார். கூலி கேட்டால் திட்டுவார்.

அந்தக் குடும்பக் கதையைப் பின் தெருவில் பாதிப் பேர் அறிவார்கள். அக்காவை இருபது வயதில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை கைநீட்டுகிற ஆள். ஒன்றரை வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் மத்தியானம், உதடு வீங்கி, வயிற்றில் மூன்று மாதக் குழந்தையுடன், ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அக்கா பிறந்த வீட்டு வாசலில் வந்து நின்றார். கதவு திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். பத்தாவது படித்துக்கொண்டிருந்த தங்கை ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று அழுதாள். அக்கா திரும்பிப் புருஷன் வீட்டுக்கே போனார். அங்கே இன்னும் இரண்டு வருடம் இருந்தார். காது போனது அந்த இரண்டு வருடத்தில்தான். பிறகு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறி, தையல் கற்றுக்கொண்டு, தனியாகவே நின்றுவிட்டார். அப்பா ஒரு தடவை அவர் வேலை பார்த்த இடத்துக்குத் தேடிப் போனார். அக்கா அவரைப் பார்க்காமலே திருப்பி அனுப்பிவிட்டார். அப்பா இறந்தபோதும் வரவில்லை.

"அருமையான கதை மேடம். இதை விட்டுட்டு ரயில், மழைன்னு அலையறீங்களே" என்றேன்.

"அக்கா இருக்காளே சார். உயிரோட, அடுத்த தெருவுல."

"பேரை மாத்திட்டாப் போச்சு. கேட்டா கதைன்னு சொல்லுங்க."

எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்பதை இப்போது நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

பதினைந்து நாளில் முதல் அத்தியாயம் முடிந்துவிட்டது. பதினோரு பக்கம். நான் படித்தேன். ஆலையில் மேற்பார்வையாளரான அப்பா ஈஸிசேரில் சாய்ந்து பேப்பர் படிக்கிறார். வாசலில் மகள் கூப்பிடுகிறாள். பேப்பரைத் தாழ்த்தாமலே அவர் சொல்கிறார்: "இன்றைக்குத் திறந்தால் நாளைக்கும் திறக்க வேண்டியிருக்கும். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு இந்த வீட்டில் இடம் கிடையாது." தங்கை காலைப் பிடித்துக் கெஞ்சுகிறாள். அப்பா அசையவில்லை. படித்து முடித்து, முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி படித்தேன். பிரமாதம் என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இதற்குள் ரேடியோ தன் வேலையைச் செய்துவிட்டார். பின் தெருவுக்குப் போய், "உங்களை வெச்சுத்தான் எழுதியிருக்கா அண்ணி" என்று வலது காதில் சொல்லிவிட்டு வந்துவிட்டார். மறுநாளே அக்கா தங்கையைக் கூப்பிட்டு அனுப்பினார். வேறு வழியில்லாமல் இவர் நோட்டை எடுத்துக்கொண்டு போனார். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஊசி குத்தியிருந்த கோட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டே பதினோரு பக்கத்தையும் படித்திருக்கிறார். படித்து முடித்துக் கண்ணைத் துடைத்திருக்கிறார்.

"அப்பாவை அப்படியே கொண்டுவந்திருக்கேடீ" என்றாராம். "எனக்கு அந்தக் குரல் கூடக் கேட்டுது. பாவம், அன்னிக்கு நீ பட்ட பாட்டை இத்தனை வருஷம் என்கிட்ட சொன்னதே இல்லையே. கால்ல விழுந்தியா?"

"விழுந்தேன்" என்று இவர் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அதன்பிறகு ஒரு மாதம் நோட்டைத் திறக்கவில்லை. என்னிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாட்சி சொல்வதை அடித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் கை நின்றுவிடும், நீதிபதி இரண்டாம் தடவை சொல்ல வேண்டிவரும். முப்பத்து நாலு வருடத்தில் அப்படி நடந்ததே இல்லை. உடம்பு சரியில்லையா என்று நீதிபதியே கேட்டார்.

ஒரு திங்கட்கிழமை மதியம் அவர் என் மேஜையில் ஒரு காகிதக் கட்டை வைத்தார். நோட்டிலிருந்து கிழித்த தாள்கள். முதல் அத்தியாயத்தை மறுபடி எழுதியிருக்கிறேன், படியுங்கள் என்றார். ஆறு பக்கம்தான்.

அதில் ஈஸிசேர் இல்லை, பேப்பர் இல்லை. அப்பா இரவு ஷிஃப்ட் முடித்துவந்து உள்ளறையில் தூங்கிக்கொண்டிருக்கிறார். அம்மா ஆஸ்பத்திரியில் யாரையோ பார்க்கப் போயிருக்கிறார். இளைய பெண் தன் அறையில் படித்துக்கொண்டிருக்கிறாள். அக்காவின் அறையாக இருந்தது அது. அக்கா கல்யாணமாகிப் போனபிறகு இவளுக்குக் கிடைத்தது. அதுவரை கூடத்தில், எல்லோர் காலும் படுகிற இடத்தில், தரையில் உட்கார்ந்து படித்தவள். இப்போது கதவு உண்டு, மேஜை உண்டு, புத்தகங்களை அடுக்க ஒரு பலகை உண்டு. வாசலில் அக்காவின் குரல் கேட்கிறது. ஜன்னல் வழியாகப் பையைப் பார்க்கிறாள். பெரிய பை. இரண்டு நாள் தங்க வருகிறவர்கள் அந்த அளவு பை கொண்டுவருவதில்லை. கதவுப் பக்கம் போகிறாள், தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று பார்க்கிறாள், ஜன்னலுக்குத் திரும்பி வந்து மெதுவான குரலில் சொல்கிறாள்: "அப்பா உன்னைச் சேர்க்கக் கூடாதுன்னு சொல்லிட்டார்." அப்பா விழித்துக்கொள்வாரோ என்ற பயத்தில் அவளுக்கு அழுகை வருகிறது. அக்கா கம்பிக்குள் கையை விட்டு அவள் கன்னத்தைத் துடைத்து, "நீ ஏன்டி அழறே" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

அவ்வளவுதான். வாக்கியங்கள் அங்கங்கே நின்று நின்று போயின. ஓர் இடத்தில் சம்பந்தமே இல்லாமல், அடுப்பில் பால் வைத்திருந்தது பொங்கி வழிந்தது என்று ஒரு வரி இருந்தது.

நான் பெரிய விமர்சகன் மாதிரி தாளைத் தட்டிச் சரிப்படுத்திவிட்டு, "முதல்ல எழுதினதுதான் மேடம் நல்லா இருந்தது" என்றேன். "இதுல காரணம் பத்தலையே. ஒரு ரூமுக்காக ஒரு பொண்ணு சொந்த அக்காவை அப்படி அனுப்புவாளா? படிக்கிறவன் நம்பணுமில்ல?"

அவர் தாள்களை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"காரணம் அவ்வளவுதான் சார். எனக்கும் பத்தலைதான். நாப்பத்தோரு வருஷமா வேற தேடிப் பாத்துட்டேன்."

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. நீதிபதி வந்து உட்கார்ந்துவிட்டார். அடுத்த வழக்கைக் கூப்பிட எழுந்தபோது நம்பரைத் தப்பாகப் படித்தேன்.

பிறகு அவரே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அம்மாவும் அப்பாவும் அக்கா வந்ததையே அறிய மாட்டார்கள். கல்யாணம் ஆனதும் பெண் நம்மை மறந்துவிட்டாள் என்றுதான் அம்மா சாகும்வரை நினைத்திருந்தார். அப்பா அக்காவைத் தேடிப் போய்த் திரும்பி வந்த அன்று, செருப்பைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "நான் என்ன பண்ணேன் இவளுக்கு?" என்று இளைய மகளைத்தான் கேட்டாராம். "தெரியலப்பா" என்றாராம் இவர். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்திருக்கிறார். வருடம் ஆக ஆக, ஒரு நாள் சொன்ன பொய்யை மட்டும் ஒப்புக்கொள்வது போய், மறைத்த அத்தனை வருடத்தையும் சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

"அக்காகிட்ட காட்டப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"நாவலை முடிச்சுட்டுக் காட்டலாம்னு இருக்கேன்" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

காட்ட வேண்டிய வேலையே ரேடியோ வைக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா தைத்த துணியைக் கொடுக்க வீட்டுக்கு வந்திருக்கிறார். ரேடியோ சந்தோஷமாக, "அண்ணி, உங்க கதை இப்போ இன்னும் மேல போயிருக்கு, உள்ளே மேஜையில இருக்கு பாருங்க" என்றிருக்கிறார். இவர் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தார். டம்ளர்களை எடுத்துக்கொண்டு வந்தபோது அக்கா ஜன்னலோர நாற்காலியில் ஐந்தாம் பக்கத்தில் இருந்தார்.

பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. டம்ளரோடு நின்றாராம். அக்கா ஆறாம் பக்கத்தையும் படித்து, தாள்களைச் சேர்த்து, ஓரங்களைத் தட்டிச் சமமாக்கி மேஜையில் வைத்தார். துணியை மடிப்பது போலவே செய்தாள் சார் என்றார் என்னிடம்.

"அப்பா தூங்கிட்டா இருந்தார்?"

"ஆமாக்கா."

"இது கதையா, நடந்ததா?"

"நடந்தது."

அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். யாராவது ஜிப் மாற்றுவதற்குப் பேண்ட்டைக் கொடுத்து விவரம் சொன்னால் ஆட்டுவாரே, அப்படி.

"அப்பா போனப்போ ஃபோன் பண்ணது நீதான். வந்தா வா, வராட்டியும் பரவால்ல, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்கன்னு சொன்னே. என் மனசு தெரிஞ்சு சொல்றேன்னு நினைச்சேன்."

இவர் டம்ளர்களை மேஜையில் வைத்தார்.

"என்னைத் தேடிக்கிட்டு வந்தாரே ஒரு நாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னார். ரெண்டு கையிலும் பழம் வாங்கிட்டு வந்திருந்தார். நான் தலையைக் கூட நிமிர்த்தல. மிஷினை மிதிச்சுக்கிட்டே இருந்தேன். அது தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"அதையும் எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்தார். ரேடியோ வாசல்வரை பின்னாலேயே போய், என்ன ஆச்சு அண்ணி, டீ குடிக்கலையா என்று இடது பக்கமாகவே கேட்டுக்கொண்டு போனார். அக்காவுக்கு அது கேட்டிருக்காது.

பத்து நாள் கழித்து அக்காவின் மகள் வந்தாள். நாற்பது வயது, ஒரு வங்கியில் வேலை. எப்போது வந்தாலும் சித்தி, சித்தி என்று சமையலறை வரைக்கும் போகிற பெண், அன்று செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாளாம்.

"சித்தி, தாத்தா ஃபோட்டோ ஒண்ணு உங்ககிட்டதான் இருக்காம். அம்மா கேக்கறாங்க."

"உள்ளே வாம்மா."

"இல்ல சித்தி. ஃபோட்டோ மட்டும் வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

சுவரிலிருந்து எடுத்து, தூசி துடைத்து, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்திருக்கிறார். "அம்மா ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டதற்கு அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "துணி ஏதாச்சும் தைக்கணும்னா வேற கடையில குடுத்துக்கச் சொன்னாங்க" என்றாள். படி இறங்கியவள் திரும்பி நின்று, கோபமில்லாமல்தான் கேட்டாளாம்: "அன்னிக்கு நீங்க திறந்திருந்தா நான் தாத்தா வீட்ல பொறந்திருப்பேன், இல்ல சித்தி?"

அக்கா அடுத்த மாதமே கடையைக் காலிசெய்துவிட்டு மகள் இருக்கும் பேட்டைக்கு மாற்றிக்கொண்டார். வக்கீல்களுக்குத்தான் கஷ்டம். ரேடியோவுக்குப் பாதி விஷயம்தான் தெரியும், அந்தப் பாதியை அவர் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் மனைவியை இறக்கிவிட்டதும் டீக்கடைப் பக்கம் திரும்பாமல் போய்விடுகிறார். அவர் ஒலிபரப்பாமல் விட்ட ஒரே செய்தி அது.

அக்கா போனதோடு நாவலும் நின்றுவிடும் என்று நான் எதிர்பார்த்தேன். சொல்லப்போனால், நிற்க வேண்டும் என்றே விரும்பினேன். நின்றால் அது ஒரு மரியாதை என்று எனக்குப் பட்டது. ஆனால் மகள் ஃபோட்டோவை வாங்கிக்கொண்டு போன மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் மேஜையில் உட்கார்ந்து ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். அதற்கு மறுநாள் ஐந்து பக்கம். முப்பத்தாறு வருடம் வராதது இப்போது குழாயைத் திறந்துவிட்ட மாதிரி வருகிறது. இரண்டாவது நோட்டும் தீர்ந்துவிட்டது. கோர்ட்டில் அவருடைய கை மறுபடி பழைய வேகத்துக்கு வந்துவிட்டது.

போன திங்கட்கிழமை நாலாவது அத்தியாயத்தைக் கொடுத்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு மனிதர் இரண்டு கையிலும் பழப் பையோடு நிற்கிற அத்தியாயம். உள்ளே தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருப்பவள் தலை நிமிர்வதில்லை. நான் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுப் படித்து முடித்தேன்.

"அக்கா பேசினாங்களா மேடம்?"

"இல்ல" என்றார். பிறகு பேனா மூடியைத் திறந்து, தாளை என் பக்கமாகத் திருப்பி, ஒரு வரியைக் காட்டினார். "இங்க அப்பா எதுவும் பேசாம திரும்பிப் போறதா எழுதியிருக்கேன். ஒரு வார்த்தை பேசணுமோன்னு தோணுது. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

பேச வேண்டாம், இதுவே நன்றாக இருக்கிறது என்றேன். நன்றாகத்தான் இருந்தது. அவர் அந்த வரியின் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு, தாள்களை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.